எரியுதா? அப்போ சரி!

வடசென்னையில் ஒரு வீட்டுக்கு வயரிங் வேலை முடிந்ததும் நடக்கிற "சோதனை" ரொம்ப எளிமையானது. சுவிட்சைப் போடுவார்கள். லைட் எரியும், ஃபேன் சுற்றும். எலக்ட்ரீஷியன் சட்டைப் பையில் பேனாவோடு பேனாவாகச் செருகியிருக்கும் டெஸ்டரை எடுத்து பிளக் பாயிண்டின் வலது பக்க ஓட்டையில் வைப்பார். உள்ளே சின்னதாக ஒரு சிவப்பு வெளிச்சம். "எல்லாம் ஓகேம்மா!" வீட்டுக்கார அம்மாவும் "அதான் எரியுதுல்ல தம்பி, அப்புறம் என்னா" என்று பாக்கிக் காசை எண்ணிக் கொடுப்பார். அவ்வளவுதான், சோதனை முடிந்தது.

ராயபுரம் சந்துகளில் ஆரம்பித்து திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் இதுதான் நடைமுறை. இது தப்பு. கொஞ்சநஞ்சத் தப்பு இல்லை, ஆள் சாகிற தப்பு. இதற்கு மாற்றாக ஒரு கருவி இருக்கிறது. பெயர் கொஞ்சம் நீளம்: மல்டிஃபங்ஷன் இன்ஸ்டாலேஷன் டெஸ்டர். மெக்கர், எர்த் டெஸ்டர், ஆர்.சி.சி.பி. சோதிக்கும் கருவி என்று தனித்தனியாகத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டிய சாமான்களை ஒரே பெட்டியில் அடக்கியது. இதைப் பற்றிப் பேச்சு வந்தாலே முதலில் வரும் கேள்வி, "எந்தக் கம்பெனி நல்லது?" என்பதுதான். அமெரிக்காவின் ஃப்ளூக்கா, இங்கிலாந்தின் மெக்கரா, ஜப்பானின் கியோரிட்சுவா, ஸ்லோவேனியாவின் மெட்ரெலா என்று பட்டியல் நீளும்.

அந்தக் கேள்வி கடைசியில் வர வேண்டியது. அதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, இந்த ஊரில் எதை அளக்க வேண்டும்? இரண்டு, அளப்பதற்கு யார் காசு கொடுப்பது? இரண்டாவது கேள்வியைத் தொடாமல் எலக்ட்ரீஷியனை மட்டும் திட்டித் தீர்ப்பது சுத்த அயோக்கியத்தனம்.

சட்டைப் பை டெஸ்டர் என்ன சொல்கிறது?

அதற்குள் இருப்பது ஒரு நியான் பல்பும் ஒரு பெரிய ரெசிஸ்டரும்தான். பிடித்திருக்கும் ஆளின் உடம்பு வழியாக மிகச் சிறிய மின்சாரம் போவதால் அந்த பல்பு மினுக்குகிறது. அது சொல்லும் சேதி ஒன்றே ஒன்று: "இங்கே பேஸ் இருக்கலாம்." இருக்கலாம் என்பதுதான் சரி. பக்கத்து வயரிலிருந்து ஏறும் மின்னழுத்தத்துக்கும் அது மங்கலாக மினுக்கும். பட்டப்பகலில் வெயிலில் நின்று பார்த்தால் நிஜமாக எரிந்தாலும் தெரியாது.

எர்த் ஓட்டையில் வைத்தால் எரியாது. எர்த் நன்றாக இருந்தாலும் எரியாது, எர்த் வயரே இல்லாவிட்டாலும் எரியாது! உயிரைக் காப்பாற்றுகிற ஒரே வயரைப் பற்றி அந்த டெஸ்டருக்கு ஒன்றுமே தெரியாது. அதை நம்பித்தான் "எர்த் ஓகே" என்கிறோம்.

அடுத்தது மல்டிமீட்டர். டெஸ்டரைவிட மேல்தான், சந்தேகமில்லை. ஆனால் அதன் பேட்டரி சில வோல்ட்டுகள். 230 வோல்ட் ஓடப் போகும் வயரின் இன்சுலேஷனை அந்தச் சில வோல்ட்டுகளால் சோதித்தால், பலவீனமான இடம் வெளியே வராது. அதனால்தான் 500 வோல்ட் டி.சி. கொடுத்துச் சோதிக்க வேண்டும் என்கிறது விதி. மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டு பாதுகாப்பு விதிமுறைகளில் இது தெளிவாகவே எழுதியிருந்தது: ஒவ்வொரு மின்கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவே 500 வோல்ட் டி.சி.யை ஒரு நிமிடம் கொடுக்க வேண்டும், இன்சுலேஷன் தடை குறைந்தது 1 மெகாஓம் இருக்க வேண்டும். 2023ல் அந்த விதிமுறைகளைப் புதுப்பித்தார்கள். சோதித்துவிட்டுத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும் என்பது மாறவில்லை.

மெக்கர் என்ற பெயரே 1903ல் இங்கிலாந்தில் பதிவான ஒரு கம்பெனியின் வணிகப் பெயர். அது ஒரு பொருளின் பெயராகவே ஆகும் அளவுக்கு உலகம் முழுக்கப் பரவி நூற்றாண்டு தாண்டிவிட்டது. கையால் சுற்றும் மெக்கரை நம்ம ஊர் பெரிய கம்பெனிகளின் மெயின்டனன்ஸ் டிபார்ட்மென்ட்டில் எப்போதோ பார்த்துவிட்டார்கள். வீட்டு வயரிங்குக்கு மட்டும் அது இன்னும் வந்து சேரவில்லை.

கரண்ட் தயாரிக்கும் ஊர்

இந்தக் கதை வேறு எங்காவது நடந்தால்கூடப் பரவாயில்லை. சென்னைக்கு கரண்ட் கொடுத்த பேசின் பிரிட்ஜ் இங்கேதான் இருக்கிறது. 1970ல் தொடங்கி 2017 மார்ச்சில் மூடிய எண்ணூர் அனல் மின் நிலையம், அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம், நிலக்கரி இறக்கும் காமராஜர் துறைமுகம் எல்லாம் இந்தப் பக்கம்தான். ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்பிவிட்டு, சாம்பலையும் கரித்தூசியையும் தான் வைத்துக்கொண்ட பகுதி இது. தன் வீட்டு பிளக் பாயிண்டில் எர்த் இருக்கிறதா என்று மட்டும் இதற்குத் தெரியாது.

இங்கே வயரிங்குக்கு எதிரிகளும் அதிகம். முதல் எதிரி உப்புக் காற்று. செம்பு முனைகளில் பச்சை பூக்கும், இரும்பு எர்த் பைப் துருப்பிடித்துத் தேயும், ஸ்க்ரூ இறுகிப் போகும். காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் இடங்களில் தரை எப்போதும் ஈரம்தான், அதுவும் உப்பு ஈரம். வீடுகளில் விடியற்காலை மெட்ரோ வாட்டர் வரும் நேரம் அடி பம்பில் சின்ன மோட்டாரை மாட்டி உறிஞ்சுவார்கள். ஈரக் கை, ஈரத் தரை, இரும்பு மோட்டார். அந்த மோட்டாரின் மூன்றாவது வயர் எங்கே போகிறது என்று பார்த்தால் பல இடங்களில் எங்கேயும் போகாது. பிளக்கே இல்லாமல் இரண்டு வயரை ஓட்டையில் விட்டுத் தீக்குச்சி செருகி நிறுத்துகிற பழக்கமும் இருக்கிறது. தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரில் மெட்ரோ ஸ்டேஷன் வைத்திருக்கும் ஊர் ஆயிற்றே, குச்சிக்கா பஞ்சம் :-)

மூன்றாவது எதிரி வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர், எர்ணாவூர் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்ததும் என்ன செய்வார்கள்? போர்டைத் துணியால் துடைத்து, இரண்டு நாள் ஃபேனுக்கு... இல்லை, ஃபேன்தான் ஓடாதே, வெயிலுக்குக் காயவிட்டு மெயினைப் போடுவார்கள். எரிந்தால் சரி! சுவருக்குள் இருக்கும் பைப்பில் நின்ற தண்ணீரும், வயர் ஜாயிண்டில் ஊறிய உப்பும் வெளியே தெரியாது. 500 வோல்ட் சோதனையில் மட்டும்தான் தெரியும்.

20 ஓம் கணக்கு

"எம்.சி.பி. போட்டிருக்கோமே, ட்ரிப் ஆகிடும்" என்பது எல்லோரும் சொல்லும் சமாதானம். பிளஸ் டூ பாடத்தில் வரும் ஓம் விதியை வைத்தே இதைச் சரிபார்க்கலாம்.

நம்ம ஊர் வீடுகளில் எர்த் என்பது பெரும்பாலும் வீட்டுக்காரர் தோண்டும் குழிதான். பைப்பைப் புதைத்து, கரியும் உப்பும் போட்டு மூடுவார்கள். அந்தக் குழியின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மோட்டாருக்குள் வயர் உரசி பேஸ் இரும்பு பாடியில் பட்டுவிட்டது. மற்ற தடைகளை எல்லாம் விட்டுவிட்டாலும் ஓடக்கூடிய மின்சாரம் 230 வகுத்தல் 20, அதாவது 11.5 ஆம்பியர்.

16 ஆம்பியர் எம்.சி.பி. 11.5 ஆம்பியருக்கு விழுமா? விழாது. அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும். மீட்டர் ஓடும், மண்ணுக்குள் கரண்ட் போகும், மோட்டார் பாடியில் ஏறத்தாழ முழு வோல்டேஜும் நிற்கும். தண்ணீர் பிடிக்க வரும் முதல் ஆளுக்காக அது காத்திருக்கும்.

20 ஓம் ரொம்ப மோசம் என்பீர்களா? 10 ஓம் என்று வைத்தாலும் 23 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் 'சி' வகை எம்.சி.பி. உடனே விழ வேண்டுமானால் அதைப்போல் ஐந்திலிருந்து பத்து மடங்கு, அதாவது 80லிருந்து 160 ஆம்பியர் வரை வேண்டும். வீட்டு எர்த் குழியால் அதைக் கொடுக்கவே முடியாது.

இங்கேதான் ஆர்.சி.சி.பி. வருகிறது. (பழைய ஆட்கள் இன்னும் ஈ.எல்.சி.பி. என்றுதான் சொல்வார்கள்.) 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்துவிடும். அதற்கு எர்த் குழி 1,600 ஓம் இருந்தால்கூட பாடியின் வோல்டேஜ் 50ஐத் தாண்டுவதற்குள் விழ வேண்டும். ஏழை வீட்டுக்கு, மோசமான மண்ணுக்கு, உப்புக் காற்றுக்கு இதைவிட நல்ல சாதனம் கிடையாது. 2023ல் மின்வாரியமே வீடுகளிலும் கடைகளிலும் இதைப் பொருத்தச் சொல்லி அறிவித்தது.

பொருத்தியாயிற்று. வேலை செய்கிறதா?

அதில் 'டெஸ்ட்' என்று ஒரு பட்டன் இருக்கும். அழுத்தினால் டப்பென்று விழும். "பார்த்தீங்களா, வேலை செய்யுது!" ஆனால் அந்த பட்டன் உள்ளுக்குள்ளேயே ஒரு செயற்கைக் கசிவை உண்டாக்குகிறது. அதற்கு எர்த் வயர் தேவையே இல்லை. வீட்டில் எர்த்தே கிடையாது என்றாலும் பட்டன் அழுத்தினால் விழும். எவ்வளவு நேரத்தில் விழுந்தது என்பதையும் அது சொல்லாது. 30 மில்லி ஆம்பியரில் 300 மில்லி செகண்டுக்குள்ளும், ஐந்து மடங்கில் 40 மில்லி செகண்டுக்குள்ளும் விழ வேண்டும் என்பது தரம். வருஷக்கணக்கில் அசையாமல் கிடந்த ஒரு ஸ்பிரிங் அந்த நேரத்துக்குள் அசைகிறதா? கண்ணாலும் காதாலும் கண்டுபிடிக்க முடியாது. அளந்தால்தான் தெரியும். அளக்கும் கருவிதான் இந்த மல்டிஃபங்ஷன் டெஸ்டர்.

எதைப் பார்த்து வாங்குவது?

இனி கருவியைத் தேர்ந்தெடுக்கும் விஷயத்துக்கு வருவோம். பளபளப்பான நோட்டீஸில் இருக்கும் முப்பது வசதிகளையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வேலை செய்யும் இடத்தைப் பார்த்தால் போதும். ஒரே வடசென்னைக்குள்ளேயே ராயபுரத்து வீடும் எண்ணூர் கம்பெனியும் வேறு வேறு கருவி கேட்கும்.

ராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டை வீடுகளுக்கு நான்கு சோதனைகள் போதும். எர்த் வயர் தொடர்ச்சி (குறைந்தது 200 மில்லி ஆம்பியர் கொடுத்து அளப்பது), 500 வோல்ட் இன்சுலேஷன், லூப் தடை, ஆர்.சி.சி.பி. விழும் நேரம். இந்த நான்கும் இல்லாத கருவி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

எர்த் குழியை அளக்க மண்ணில் இரண்டு கம்பி அடித்து அளக்கும் வசதிக்கு சிலர் கூடுதல் காசு கொடுப்பார்கள். முறைப்படி அந்தக் கம்பிகளைக் குழியிலிருந்து பல மீட்டர் தள்ளித் தள்ளி அடிக்க வேண்டும். ராயபுரம் சந்தில் எங்கே அடிப்பது? எதிர் வீட்டு வாசலிலா? தெரு முழுக்க சிமெண்ட், நடுவில் சாக்கடை மூடி. அங்கே அந்த வசதி பையைவிட்டு வெளியே வராது. பிளக் பாயிண்டிலேயே செருகி லூப் தடையை அளந்தால் எர்த் குழியின் நிலைமை போதுமான அளவு தெரிந்துவிடும். ஆர்.சி.சி.பி.யை விழவைக்காமல் லூப் அளக்கும் வசதி இருக்கிறதா என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது. அந்த முறையில் எண் கொஞ்சம் ஆடும். 20 ஓமா 21 ஓமா என்று ஆடினால் ஒன்றும் குடி முழுகாது.

எண்ணூர், மணலி, திருவொற்றியூர் கம்பெனிகளில் கதையே வேறு. சொந்த டிரான்ஸ்பார்மர், த்ரீ பேஸ், பெரிய மோட்டார். அங்கே லூப் தடை ஒரு ஓமுக்கும் கீழே இருக்க வேண்டும். 0.2 ஓமா 0.4 ஓமா என்பதில்தான் பியூஸ் எரியுமா எரியாதா என்பதே இருக்கிறது. அதனால் அதிக மின்சாரம் செலுத்தி, நுணுக்கமாக அளக்கும் லூப் சோதனை வேண்டும். மோட்டார்களுக்கு 1,000 வோல்ட் இன்சுலேஷன் சோதனை வேண்டும், பேஸ் வரிசை பார்க்கும் வசதி வேண்டும். காலி மண் இருப்பதால் கம்பி அடித்து எர்த் அளக்கும் வசதியும் அங்கே நிஜமாகவே பயன்படும். டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவர் கருவியின் பாதுகாப்பு வகுப்பு கேட்டகிரி 4 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். வகுப்பு குறைந்த கருவி அங்கே கையிலேயே வெடிக்கலாம்.

இரண்டு இடத்துக்கும் பொதுவானவை சில. கருவியோடு வரும் பிளக் எந்த ஊர் பிளக்? இங்கிலாந்தின் சதுர முள் பிளக்கும் ஐரோப்பாவின் பிளக்கும் நம்ம ஊர் உருண்டை மூன்று முள் பாயிண்டில் போகாது. ஐம்பது ரூபாய் அடாப்டரை நடுவில் மாட்டினால் அதன் தளர்ச்சியையும் சேர்த்துத்தான் அளப்பீர்கள். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் தெருவில் கருவி வேலை செய்யுமா? குறிப்பிட்ட வோல்டேஜ் எல்லைக்கு வெளியே போனால் லூப் சோதனையையே செய்ய மறுக்கும் கருவிகள் உண்டு. பெட்டிக்கடையில் கிடைக்கும் பேட்டரியில் ஓடுமா? தூசியும் ஈரமும் தாங்குமா? ரிப்பேர் ஆனால் சென்னையிலேயே பார்ப்பார்களா, கப்பலேற்றி அனுப்புவார்களா? அளவு சரியா என்று வருஷா வருஷம் அங்கீகாரம் பெற்ற லேபில் சரிபார்த்துச் சான்று வாங்க எவ்வளவு ஆகும்? ரிச்சி தெருவிலும் பாரிமுனையிலும் விலை பேசுவதற்கு முன் இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும்.

அளந்த எண்ணை நேரத்தோடு சேமித்து வைக்கும் நினைவகம் இருந்தால் நல்லது. அது ஆடம்பரம் போலத் தெரியும். ஆனால் நாளைக்கு ஒரு பிரச்சினை என்று வரும்போது "நான் அளந்தேன்" என்ற வாய்ப்பேச்சைவிட, கருவிக்குள் இருக்கும் எண் பெரிய சாட்சி. எலக்ட்ரீஷியனுக்கே அது பாதுகாப்பு.

ஒரு எச்சரிக்கையும் தேவை. கருவி வாங்கினால் மூளையைக் கழற்றி வைத்துவிடலாம் என்று அர்த்தமில்லை. எர்த் கிடைக்காத வீட்டில் பிளக் பாயிண்டுக்குள்ளேயே நியூட்ரலை எர்த் பின்னோடு சேர்த்து முறுக்கிவிடும் கில்லாடிகள் இருக்கிறார்கள். அந்தப் பாயிண்டில் லூப் அளந்தால் அரை ஓம் காட்டும், பார்க்கவே அழகாக இருக்கும்! என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் அந்த எர்த் பின்னோடு சேர்ந்த இரும்புப் பாடிகளில் பேஸ் ஏறி நிற்கும். எர்த் குழி வீட்டில் அரை ஓம் என்பது சந்தோஷப்பட வேண்டிய எண் இல்லை, சந்தேகப்பட வேண்டிய எண். மேலும் ஆர்.சி.சி.பி. இருந்தால் இந்தத் தந்திரம் அதை அடிக்கடி விழவைக்கலாம். உடனே "இது சரியில்ல, எடுத்துடலாம்" என்று ஆர்.சி.சி.பி.யையே கழற்றி எறிவார்கள். தீ அலாரம் கத்துகிறது என்று அலாரத்தை உடைப்பதுபோல.

சரி, யார் காசு கொடுப்பது?

இதுவரை சொன்னது எல்லாம் எலக்ட்ரீஷியன்களில் பலருக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் அளப்பதில்லை? சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு பதில் வருகிறது.

நல்ல மல்டிஃபங்ஷன் டெஸ்டர் லட்ச ரூபாயை ஒட்டியும் தாண்டியும் போகிறது. தினக்கூலிக்கு வேலை செய்கிற ஒருவருக்கு அது பல மாத வருமானம். அதைப் போட்டு வாங்கி, ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு மணி நேரம் கூடுதலாகச் செலவழித்து அளந்தால், அவருக்குக் கூடுதலாக எவ்வளவு கிடைக்கும்? ஒரு பைசா கிடைக்காது. "அந்தத் தெருவுல இருக்கறவரு ஒரே நாள்ல முடிச்சுட்டாரு, நீங்க என்ன இவ்ளோ நேரம்?" என்ற கேள்விதான் கிடைக்கும்.

ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளியல் அறிஞர் 1970ல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எது நல்ல கார், எது சொத்தைக் கார் என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லாவற்றுக்கும் ஒரே சராசரி விலைதான் கொடுப்பார். நல்ல கார் வைத்திருப்பவர் கட்டுப்படியாகாமல் விலகிவிடுவார், கடைசியில் சந்தையில் சொத்தைதான் மிஞ்சும். 2001ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வடசென்னை வயரிங் சந்தை இதற்கு அச்சு அசல் உதாரணம். அளந்த வயரிங்கும் அளக்காத வயரிங்கும் சுவருக்குள் போய்விட்டால் பார்க்க ஒன்றுதான். லைட் இரண்டிலும் எரியும். விலையும் ஒன்று. அப்புறம் யார் அளப்பார்?

வாடகை வீட்டில் இது இன்னும் மோசம். வயரிங்குக்குக் காசு கொடுப்பது வீட்டு ஓனர். மோட்டாரைத் தொடுவது குடியிருப்பவர். செலவு ஒருவருக்கு, ஆபத்து இன்னொருவருக்கு. இந்த ஏற்பாட்டில் பாதுகாப்பு தானாக வரும் என்று எதிர்பார்ப்பது வேடிக்கை. இங்கிலாந்தில் 2020ல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். தனியார் வாடகை வீடுகளின் வயரிங்கை அதிகபட்சம் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தகுதியுள்ள ஆளை வைத்துச் சோதிக்க வேண்டும், அறிக்கையின் நகலைக் குடியிருப்பவர் கையில் கொடுக்க வேண்டும். அந்த ஊர் எலக்ட்ரீஷியன் பையில் இந்தக் கருவி இருப்பதற்குக் காரணம் அவர் பணக்காரர் என்பது மட்டுமில்லை. அவர் அளக்கும் எண்ணை யாரோ ஒருவர் கேட்கிறார், அதற்குக் காசும் கொடுக்கிறார்.

இங்கேயும் காகிதம் இல்லாமல் இல்லை. புது இணைப்புக்கு லைசென்ஸ் உள்ள காண்ட்ராக்டரின் சோதனை அறிக்கை வேண்டும். லைசென்ஸ் வாங்கக் கருவிகள் கைவசம் இருப்பதாகவும் காட்ட வேண்டும். ஆனால் வேலை செய்தவர் ஒருவர், கையெழுத்துப் போடுபவர் இன்னொருவர், கருவி மூன்றாவது இடத்தில் பீரோவுக்குள் என்றால் அந்தப் படிவத்தில் இருக்கும் மெகாஓமுக்கு என்ன மதிப்பு? பேனாவால் எழுதிய மெகாஓம் கரண்ட்டைத் தடுக்காது.

இனி ஒரு சின்னக் கணக்கு. கருவி ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருஷ ஆயுள். வருஷத்துக்குத் தேய்மானம் 20,000. வருஷாந்திர சரிபார்ப்புக்கும் பேட்டரிக்கும் 5,000 என்று வைப்போம். மொத்தம் 25,000. தனி ஆளுக்கு இது பாரம்தான். ஆனால் ஒரே பகுதியில் வேலை செய்யும் பத்துப் பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால் ஆளுக்கு வருஷம் 2,500. பத்துப் பேரும் சேர்ந்து வருஷத்துக்கு வெறும் 100 வீடுகளை அளந்தாலே வீட்டுக்கு 250 ரூபாய். அளப்பவரின் கூலி தனி. இரண்டையும் சேர்த்தாலும் ஹாலில் மாட்டும் ஒரு டிசைன் ஃபேனின் விலை வராது. கப்பல் லோடுமேன்களுக்கும் மீனவர்களுக்கும் சங்கமும் கூட்டுறவும் கட்டிக் காட்டிய பகுதி இது. பத்து எலக்ட்ரீஷியன்கள் சேர்ந்து ஒரு பெட்டி வாங்க முடியாதா என்ன?

"முப்பது வருஷ அனுபவம்"

இதற்கு வரும் பெரிய மறுப்பு அனுபவம். "முப்பது வருஷமா இதே வேலை. பார்த்தாலே சொல்லிடுவேன். எனக்கு மெஷின் எதுக்கு?" அந்த அனுபவத்துக்கு மரியாதை கொடுக்கத்தான் வேண்டும். எந்த ஜாயிண்ட் சூடாகும், எந்தச் சுவரில் ஈரம் ஏறும் என்று அவருக்குத் தெரிவது எந்தக் கருவிக்கும் தெரியாது. ஆனால் 40 மில்லி செகண்டை எந்த அனுபவமும் பார்க்காது. மண்ணுக்குள் தேய்ந்துபோன பைப்பை எந்தக் கண்ணும் பார்க்காது. முப்பது வருஷமாக யாரும் வந்து புகார் சொல்லவில்லை என்பதும் சான்று ஆகாது. மோட்டார் பாடியில் செத்தவர் புகார் சொல்ல வருவதில்லை.

இன்னொரு மறுப்பு, "எல்லாம் விதிங்க." 2017 நவம்பர் 1ஆம் தேதி கொடுங்கையூரில் மழைத் தண்ணீரில் கிடந்த மின் கேபிளை மிதித்து இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். ஊரே கொதித்தது, அதிகாரிகள் மீது நடவடிக்கை வந்தது. அது தெருவில், மின்வாரியத்தின் கேபிளில் நடந்தது. அப்போது யாரும் விதி என்று சொல்லவில்லை, சரியாகத்தான் கோபப்பட்டார்கள். அதே மரணம் மீட்டருக்கு இந்தப் பக்கம், வீட்டுக்குள் நடந்தால் மட்டும் ஏன் விதி ஆகிறது? தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2019, 2020, 2021 ஆகிய ஒவ்வொரு ஆண்டும் மின்சாரம் தாக்கி இந்தியாவில் 12,000 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். சராசரியாக நாளொன்றுக்கு முப்பது பேருக்கு மேல். இத்தனையும் விதியா?

என்ன செய்யலாம்?

எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டியது: கூலியில் "சோதனை" என்று தனியாக ஒரு வரி எழுதுவது. இலவசமாகச் செய்தால் யாரும் மதிக்க மாட்டார்கள். லட்ச ரூபாய்க்கு வழியில்லை என்றால் முதலில் ஒரு டிஜிட்டல் இன்சுலேஷன் டெஸ்டர், அதன் பிறகு லூப்பும் ஆர்.சி.சி.பி.யும் சோதிக்கும் கருவி, இல்லையென்றால் நாலு பேரோடு சேர்ந்து மல்டிஃபங்ஷன். கடன் வாங்கித் தனியாக மாட்டிக்கொள்ள வேண்டாம்.

மின்வாரியமும் மின் ஆய்வுத் துறையும் செய்ய வேண்டியது: சோதனை அறிக்கையில் எந்தக் கருவியால் அளந்தது, அதன் வரிசை எண் என்ன, கடைசியாக எப்போது சரிபார்த்தது என்று கேட்பது. நூற்றில் ஐந்து வீட்டுக்காவது போய் மறுபடி அளந்து பார்ப்பது. எண் பொய் என்றால் கையெழுத்துப் போட்டவரின் லைசென்ஸில் கை வைப்பது. ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படிக்கும் பையன் கையில் படிப்பு முடியும் முன்பே இந்தக் கருவியைக் கொடுத்துப் பழக்குவது.

வீட்டுக்காரர் செய்ய வேண்டியதற்குக் கருவியும் வேண்டாம், படிப்பும் வேண்டாம். வேலை முடிந்ததும் நாலு எண்களை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டால் போதும். இன்சுலேஷன் எத்தனை மெகாஓம்? எர்த் வயர் எத்தனை ஓம்? லூப் எத்தனை ஓம்? ஆர்.சி.சி.பி. எத்தனை மில்லி செகண்டில் விழுந்தது? அந்தத் தாள் மீட்டர் போர்டின் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்க வேண்டும். அடுத்து வாடகைக்கு வருகிறவர் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அதைப் பார்க்க வேண்டும். ஒரு தெருவில் பத்து வீட்டுக்காரர்கள் இப்படிக் கேட்க ஆரம்பித்தால், அந்தத் தெரு எலக்ட்ரீஷியன் அடுத்த மாதமே கருவிக்கு விலை விசாரிக்கப் போவார். எந்தக் கம்பெனி நல்லது என்ற கேள்வியை அப்போது தாராளமாகக் கேட்கட்டும்.